பெரிய டீச்சர் உருட்டி வந்த நத்தை ஓடு

செம்போத்து சார் பெரிய டீச்சரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது குளக்கரை மருதமரத்தடியில், ஆசிரியர் கூட்டம் கலைந்த நேரத்தில். செம்போத்து சார் ஒரு பறவை; பெரிய டீச்சர் ஒரு வயதான நீர்நாய். அந்தக் காட்டுப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. மற்றவர்கள் கிளம்பிய பிறகு, அவர் ஒரு வெற்று நத்தை ஓட்டை மூக்காலேயே உருட்டி வந்து செம்போத்தின் காலடியில் விட்டார்.

"இது இங்கயே இருக்கட்டும் சார். வேணும்னா வைங்க."

"எனக்கு எதுக்கு டீச்சர்? கூட்டத்துலயே சொன்னேனே, என் வகுப்புல எல்லாரும் தேறிட்டாங்க!"

"ரொம்ப சந்தோஷம். சும்மா கிடக்கட்டுமே, அதுக்கென்ன சோறா போடணும்?" என்று சிரித்துவிட்டு அவர் துறையில் இறங்கி நீந்திப் போனார். மறுநாள் காலையில் அவர் கண் விழிக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடத்திட்டம் போடுவதே தனி அழகு. கோடையில் குளத்துத் தண்ணீர் குறையத் தொடங்கியதும் ஆசிரியர்கள் கூடுவார்கள். "இந்த வருஷம் என்ன சொல்லித் தரலாம்?" என்று பெரிய டீச்சர் ஒருநாளும் கேட்டதில்லை.

"மழை வந்து அக்கரையில புல்லு முளைச்சதும் நம்ம பிள்ளைங்க தனியா இரை தேடப் போகும். அன்னிக்கு அதுகளுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?" என்றுதான் கேட்பார். அங்கிருந்து பின்னோக்கி வருவார்கள். ஓடி ஒளியத் தெரிய வேண்டும். அதற்கு முன் ஆபத்துக் குரலை அறியத் தெரிய வேண்டும். அதற்கும் முன் சற்று நேரம் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். இப்படி வந்து வந்துதான் முதல் நாள் பாடம் முடிவாகும்.

வாரம் ஒரு முறை கூட்டம். எவ்வளவு பாடம் முடிந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. புரியாத பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு நத்தை ஓட்டை நடுவில் வைக்க வேண்டும். அந்த ஓட்டை எந்த ஆசிரியர் எடுக்கிறாரோ, அவர் அந்தப் பிள்ளைக்கு வேறு வழியில் சொல்லிப் பார்ப்பார். புரிந்ததும் ஓடு குளத்துக்குள் போகும்.

செம்போத்து சொல்லித் தந்தது ஆபத்துக் குரல்களை. மந்தி இருமினால் சிறுத்தை, மயில் அலறினால் செந்நாய். எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. துள்ளி என்ற முயல்குட்டிக்கு மட்டும் வரவில்லை. கூட்டத்தோடு இருந்தால் மற்றவர்களைப் பார்த்து ஓடிவிடுவாள். தனியாக விட்டால் புல்லை மென்றுகொண்டு நிற்பாள். செம்போத்து குரலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். வழியை மாற்றிப் பார்க்கவில்லை. ஓடு வைத்தால் இன்னோர் ஆசிரியரான கரிச்சான் குருவி சிரிப்பாரே என்று வாயை மூடிக்கொண்டார்.

பெரிய டீச்சர் இல்லாத முதல் கூட்டம் வந்தது. இன்னும் சில நாளில் பிள்ளைகள் அக்கரைக்குப் போக வேண்டும். கரிச்சான் சார் கிளையில் அமர்ந்து வாலை ஆட்டினார்.

"இந்த ஓடு வைக்கிற பழக்கத்தை விட்டுடலாம்! நம்ம குறையை நாமே நடுவுல கொண்டுவந்து வைக்கிறதா? மழைக்கு முன்னாடி பாடத்தை முடிச்சா போதாதா? என்ன சொல்றீங்க?"

சிலர் தலையாட்டினார்கள். செம்போத்துக்கும் தலையாட்டத்தான் ஆசை. ஆனால் காலடியில் அந்த ஓடு கிடந்தது. அக்கரையில் துள்ளி தனியாக நின்று புல் மெல்வது கண்ணுக்குள் வந்தது.

அவர் ஓட்டை நடுவில் தள்ளினார். "துள்ளி. ஆபத்துக் குரல் புரியலை."

"ஆகா! உங்க வகுப்புல எல்லாரும் தேறிட்டாங்கன்னு பெருமையடிச்சீங்களே! அழுது அழுதுதான் கண்ணு அப்படிச் சிவந்திருக்கா?" என்றார் கரிச்சான்.

"கண்ணு பிறந்ததுல இருந்தே இப்படித்தான் சார். அதை விடுங்க. பிள்ளைக்குப் புரியலை."

யாரும் சிரிக்கவில்லை. குழி தோண்டச் சொல்லித் தரும் உடும்பு டீச்சர் மெல்ல வந்து ஓட்டை எடுத்துக்கொண்டார்.

மறுநாளே அவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "சார்! துள்ளிக்குக் காது மந்தம். பாவம், அவளுக்கே தெரியலை! ஆனா நான் பின்னால நின்னு வாலால தரையில ஒரு தட்டு தட்டினேன். பாய்ஞ்சாளே பார்க்கணும்! அவளுக்குக் காது காலுல இருக்கு சார்!"

செம்போத்து கடமான் சாரைத் தேடி ஓடினார். "ஆபத்துன்னா நீங்க தரையில குளம்பை உதைப்பீங்கல்ல? அதை என் வகுப்புல வந்து சொல்லித் தாங்க. நானும் உட்கார்ந்து கத்துக்கிறேன்."

துள்ளி ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். பின்னங்காலால் தானும் பதிலுக்கு உதைத்தாள். அதைப் பார்த்த மற்றப் பிள்ளைகள், "எங்களுக்கும் சார், எங்களுக்கும்!" என்று குதித்தன. அன்று முதல் குரலோடு உதையும் பாடத்தில் சேர்ந்தது.

மழை வந்தது. புல் முளைத்தது. பிள்ளைகள் அக்கரைக்குப் போன ஒரு மதியம், வானம் பிளந்ததுபோல் கொட்டியது. நாணலுக்குள் செந்நாய்க் கூட்டம் ஒன்று பதுங்கி வருவதை இக்கரையிலிருந்து செம்போத்து பார்த்தார். அவர் கத்தினார். மயில் அலறியது. மரத்தின் உச்சியிலிருந்து கரிச்சான் தனக்கு வரும் எல்லாக் குரலிலும் கதறினார். மழை இரைச்சலில் ஒன்றும் எடுபடவில்லை.

அக்கரை மேட்டில் நின்ற கடமான் குளம்பை ஓங்கி உதைத்தார். தொம்! தொம்!

துள்ளியின் உடல் விறைத்தது. மறுகணம் அவள் பின்னங்காலால் தரையை உதைத்தாள். தொம்! பக்கத்தில் இருந்தவர்களுக்கு எட்டியது, அவர்கள் உதைத்தது அடுத்தவர்களுக்கு எட்டியது. செந்நாய்கள் வந்து சேர்ந்தபோது அங்கே நனைந்த புல் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் காரைப் புதருக்குள், உடும்பு டீச்சர் தோண்டச் சொல்லித் தந்த குழிகளுக்குள்!

அடுத்த கூட்டத்துக்குக் கரிச்சான் தாமதமாக வந்தார். அலகில் ஒரு நத்தை ஓடு இருந்தது. அதை நடுவில் வைத்துவிட்டு, "என் வகுப்புல ஒருத்தன் இருக்கான்..." என்று ஆரம்பித்தார். செம்போத்து அதைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

புரியாத ஒரு பிள்ளைக்காக வழி தேடும் பள்ளிக்கூடமே எல்லாப் பிள்ளைகளையும் காப்பாற்றுகிறது.

துள்ளிக்காக வைத்த ஓடு, பெரிய டீச்சர் இறங்கிப் போன துறையில், தண்ணீருக்கடியில் கிடக்கிறது.