மூன்று மணிக்கு முன்

ஒரு பிணக்கில் நியாயம் முழுவதும் உங்கள் பக்கமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நியாயத்தைக் கொண்டு இதுவரை யாரைக் காப்பாற்றினீர்கள்?

உடனே விடை சொல்ல இயலாதவர்கள் கொம்பையாவின் கதையைக் கேட்கலாம்.

உப்பளங்கள் சூழ்ந்த ஒரு கடலோர ஊரில் உழைப்பாளர் படிப்பகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் சங்கரவடிவு. வேலை முடிந்த மாலைகளில் உப்பளத் தொழிலாளர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் ஊரே அவரை டீச்சர் என்றது. கொம்பையா அவருடைய முதல் மாணவர். ஆசானைவிட மூன்று வயது மூத்த மாணவர். முப்பது வயதில் எழுத்தறிந்து, சங்கத் தலைவராகி, இப்போது உழைப்பாளர் கட்சியின் சார்பில் நகரசபைத் தலைவர் பதவிக்கு நின்றார்.

உழைப்பாளர் ஐக்கியக் கட்சியின் சார்பில் சூசைமிக்கேல் நின்றார். அவரும் அதே படிப்பகத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். பெயரில் ஐக்கியம் உள்ள கட்சிதான் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்து போன கட்சி.

மூன்றாவதாக நின்றது தாய்மண் சேனை. வந்தேறிகள் உங்கள் வேலையைத் தின்கிறார்கள் என்பது அதன் ஒரே பேச்சு. ஓடைக்கரையின் அறுபத்திரண்டு வீடுகளை இடிப்பதே தன் முதல் தீர்மானம் என்று அது சுவரெல்லாம் எழுதியிருந்தது. மழை பொய்த்த ஊர்களிலிருந்து உப்பு வாரிப் பிழைக்க வந்து, நாற்பது ஆண்டுகளாக அங்கே குடியிருப்பவர்களின் வீடுகள் அவை. சேனையின் ஊர்வலத்தில் இரு கட்சிகளின் தொழிற்சங்க உறுப்பினர்களும் நடந்தார்கள். சேனையை எதிர்ப்பவர்களின் வாக்கு இரண்டாகப் பிரிந்தால் வெற்றி யாருக்கு என்பதை ஊர் அறிந்திருந்தது.

வேட்புமனுவைத் திரும்பப் பெற அன்றே கடைசி நாள். மூன்று மணி வரை அவகாசம். நண்பகல் கடந்த வேளையில் கொம்பையா படிப்பகத்துக்கு வந்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். கட்சியை உடைச்சவன் அவன். நான் எதுக்குப் பணியணும்?”

“மோர் குடியுங்கள், தோழர்.”

“மோர் கிடக்கட்டும். ஒற்றுமைக்கு நாங்க தயார். தீர்மானமே போட்டாச்சு, ஏகமனதா.”

சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். ஆசிரியை அதைப் பிரிக்காமல் மோர்த் தம்ளருக்கு அடியில் வைத்தார். பிறகு மேசை மேலிருந்த ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து வேறொரு தாளை எடுத்துப் படித்தார்.

“‘மக்களைப் பிளக்கும் சேனையை வீழ்த்த உழைப்பாளர் ஒற்றுமையே இன்றைய வரலாற்றுத் தேவை.’”

கொம்பையா தலையசைத்தார்.

“‘அதற்காக எத்தகைய தியாகத்துக்கும் நாம் ஆயத்தம்.’”

“ஆமா.”

“‘ஆயினும், பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய பிளவுக்காக எதிர்த்தரப்பு முதலில் பகிரங்கமாகச் சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டும். அதன் பின்னரே பேச்சுவார்த்தை.’”

“அந்த வரி நான் சொல்லி எழுதினது, டீச்சர். கமிட்டியில ரெண்டு மணி நேரம் விவாதம். ஒரு எழுத்தை மாத்த விடலியே நான்!”

ஆசிரியை தாளைத் திருப்பிக் காட்டினார். தலைப்பில் உழைப்பாளர் ஐக்கியக் கட்சி என்று இருந்தது. அடியில் சூசைமிக்கேலின் கையொப்பம்.

“காலையில் அவர் கொடுத்துவிட்டுப் போனது. உங்களுடையதை நான் இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டுமா?”

கொம்பையாவின் முகம் சிவந்தது.

“களவாணிப்பய! எங்க வாசகத்தைக் காப்பியடிச்சிருக்கான்!”

“இருவருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான், தோழர். கரும்பலகையும் ஒன்றுதான்.”

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஓடைக்கரையின் பேச்சித்தாய். உப்பளத்திலிருந்து நேரே வந்திருந்தாள். கணுக்கால் வரை வெண்மை பூத்திருந்தது.

“டீச்சர், ஐப்பசி நெருங்குது. ஓலைக்கூரை ரெண்டு எடத்துல பிஞ்சு கிடக்கு. இந்த வருசமாவது தகரம் போட்டுரலாம்னு இருக்கேன். போடவா, இல்ல பேசாம இருந்துரவா? போட்ட பெறகு இடிச்சுப்புட்டா என்ன செய்ய?”

“இவரைக் கேளம்மா. தலைவர் பதவிக்கு நிற்கிறார்.”

“நீங்க சொல்லுங்க, அண்ணாச்சி.”

கொம்பையா தொண்டையைச் செருமினார்.

“அதாவது தாயி, இன்றைய அரசியல் சூழ்நிலையில், சக்திகளின் அணிசேர்க்கையைப் பொறுத்து...”

“தகரம் போடவா, வேண்டாமா அண்ணாச்சி?”

அவர் தரையைப் பார்த்தார்.

“காலையில மிக்கேல் அண்ணாச்சியையும் வழியில நிப்பாட்டிக் கேட்டேன். அவுகளும் இப்பிடித்தான் தரையைப் பாத்தாக.” அவள் குரலில் கோபம் இல்லை. “ரெண்டு பேரும் நல்லவுகதான். போன மழைக்கு அவுக ஓலை கொண்டாந்தாக. நீங்க ஏணி கொண்டாந்தீக. என்ன, வேற வேற நாள்ல வந்துட்டீக. ஓலை வந்த அன்னைக்கு ஏணி இல்ல. ஏணி வந்த அன்னைக்கு ஓலை நனைஞ்சு போச்சு.”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பிறகு பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

ஆசிரியை தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

“முதல் வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போனீர்களே, அங்கே உங்கள் காலில் உப்புப் புண் சீழ் வைத்தது. யார் கழுவினார்கள்?”

“அது எதுக்கு இப்ப?”

“கேட்கிறேன்.”

“அவன்தான்.” குரல் இறங்கியது. “வேட்டியைக் கிழிச்சுக் கட்டினான். ஒன்பது நாள்.”

“கழுவுவதற்கு முன் உங்களிடம் சுயவிமர்சனம் கேட்டாரா?”

கொம்பையா சிரிக்க முயன்றார். கண் கலங்கியது.

“‘மூதேவி, பூட்ஸ் போட்டு அளத்துல எறங்குல, எறங்குலன்னு சொன்னேனே கேட்டியால’ன்னு வைதான். வைதுக்கிட்டே கழுவினான்.”

மோரைக் குடித்து முடித்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆனால் பழைய முள் இன்னும் உள்ளே இருந்தது.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க, டீச்சர். கட்சி உடைஞ்சதுல நியாயம் யார் பக்கம்? நீங்க அந்த மாநாட்டுல இருந்தீகளே.”

“உங்கள் பக்கம்தான் அதிகம்.”

பத்தொன்பது ஆண்டுகளாக அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவர் போலக் கொம்பையா நிமிர்ந்தார்.

“பிறகு என்ன? நான் எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?”

“உங்களிடம் இருக்கிறது, அதனால் கேட்கிறேன். இல்லாதவரிடம் எதைக் கேட்பது?”

நிமிர்ந்த தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

“எங்க ஆளுக காறித் துப்புவாகளே, டீச்சர். கொள்கையை வித்துட்டான்னு நோட்டீஸ் போடுவாக.”

“போடுவார்கள். பிழையில்லாமல் எழுதுகிறார்களா என்று பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.”

இம்முறை கொம்பையா உண்மையாகவே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

“சரி. விலகுதேன்னே வையுங்க. அவனும் அதே நேரம் விலகிட்டா? ரெண்டு பேரும் போயிட்டா சேனைக்கு எதிரா நிக்க ஆளே இல்லையே.”

“பிந்திப் போகிறவர் நிற்பார்.”

“அப்போ விலக வேண்டியது யாரு?”

“முதலில் போய்ச் சேருகிறவர்.”

கொம்பையா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே கால். தேர்தல் அலுவலகம் சைக்கிளில் அரை மணி நேரத் தொலைவு.

“அவன்கிட்டயும் இதைச் சொன்னீகளா?”

“இதையேதான் சொன்னேன். கமிட்டியைக் கூட்டிக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார்.”

“கமிட்டியா? விளங்கும்! அவனுக கோரத்துக்கு ஆள் சேரவே நாலு மணி ஆயிருமே.” எழப்போனவர் தயங்கினார். “ஆனா, டீச்சர், முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. நானும் எங்க கமிட்டியில ஒரு வார்த்தை...”

சங்கரவடிவு எழுந்து வெளியே போனார். வெயிலில் நின்ற கொம்பையாவின் சைக்கிளின் தாங்கியைத் தட்டிவிட்டு, அதைச் சாலையின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

“கமிட்டி நாளைக்கும் கூடும், தோழர். மிக்கேலிடம் கேட்க வேண்டிய கேள்வியை நாளை மறுநாள் கேளுங்கள். நானும் உடன் வந்து கேட்கிறேன். ஓடைக்கரைக்கு இருப்பது இன்று மூன்று மணி வரைதான். ஏறுங்கள். யாரையும் கேட்காதீர்கள், வழியில் எங்கும் நிற்காதீர்கள். இன்றே, இப்போதே போங்கள்.”