அறவாழி செய்த கதவு

"குருவே, புதுத் தெருவுக்கு ஒரு குடும்பம்கூட வர மாட்டேங்குது," என்றார் அறவாழி. வந்ததும் வராததுமாக இதுதான் பேச்சு.

நிலவில் பாறையைக் குடைந்து அமைத்த ஊர் அது. பழைய தெருவில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. அதற்காகத்தான் புதுத் தெரு.

கட்டியவர் அறவாழி. தலை நரைத்த பொறியாளர். தன் வேலையில் யாராவது குறை சொல்லிவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர், தன்னைவிட வயதில் சின்னவரான திலகவதியைக் குருவாக ஏற்றதே ஊருக்குப் பெரிய அதிசயம்.

"எதைப் பார்த்துப் பயப்படுறாங்க?"

"கதவைப் பார்த்து. பாறை விரிசல் விட்டு ஒரு வீட்டுக் காத்து கசிஞ்சா, அந்த வீட்டுக் கதவு தானா மூடிக்கும். உள்ள இருந்தும் திறக்க முடியாது, வெளிய இருந்தும் முடியாது. திறந்தா ஊர்க் காத்து மொத்தமும் போயிடும்ல?"

"உள்ள இருக்கறவங்க?"

"போனது போனதுதான், குருவே. ஊர் பிழைக்கணும்."

கூசாமல் சொன்னார்.

திலகவதி எழுந்து புதுத் தெருவுக்கு நடந்தார். அறவாழி பின்னாலேயே போனார். முதல் வீட்டுக்குள் நுழைந்த குரு, காற்றை வெளியே விட்டுக் கதவைச் சோதிக்க வைத்திருந்த குழாயைத் திருகினார்.

காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. கதவு சட்டென்று மூடிக்கொண்டது.

அறவாழி வெளியே நின்றுவிட்டார். கதவிலிருந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். குரு குழாயடியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"மூடுங்க குருவே. குழாயை மூடுங்க."

குரு அசையவில்லை.

கடப்பாரை கைக்கு எப்படி வந்தது என்று அறவாழிக்கே தெரியாது. பார்த்துப் பார்த்துச் செய்த பூட்டைத் தானே நெம்பிப் பிளந்தார். கதவு விலகியது. தெருக்காற்று அவரையும் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

உடனே அடங்கியும் போனது. அவர் கடப்பாரையை ஓங்கியபோதே குரு குழாயை மூடிவிட்டிருந்தார்.

அறவாழி திரும்பிப் பார்த்தார். சத்தம் கேட்டு ஊரே ஓடி வந்து தெருமுனையில் நின்றது. அவர் மனைவி கற்பகவல்லி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். யார் முகத்திலும் சுவாசக் கவசம் இல்லை.

குழாய் மட்டும் திறந்தே இருந்திருந்தால்? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குரு இருமி முடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உடைந்த பூட்டைப் பார்த்தார்.

"உள்ள நீங்க இருந்தீங்களே, குருவே," என்றார் அறவாழி.

"வேற யாரு இருப்பாங்கன்னு நினைச்சு இந்தக் கதவைச் செஞ்சீங்க?"