கண்டேன் என்ற ஆமை

ஆலங்குளத்துத் தவளைகளுக்கு ஒரு பாட்டு இருந்தது. அதுதான் அவர்களுக்கு வேதம். குளம் வற்றி, தண்ணீர் ஓர் ஆலிலை அகலத்துக்குச் சுருங்கும் நாளில் கிழக்கிலிருந்து வெள்ளைப் பறவை இறங்கும், ஆலமரத்து வேரடியில் அலகால் தட்டும், ஊற்று பீறிடும். இதுதான் அந்தப் பாட்டு.

பாட்டு முடிந்ததும் தவளைத் தலைவர் மத்தளம், கல்லப்பர் என்ற கிழட்டு ஆமையைப் பார்த்து, "கண்டீரா?" என்று மூன்று முறை கேட்பார். கல்லப்பர் கழுத்தை நீட்டி, "கண்டேன்!" என்பார். வருஷா வருஷம் இதே சடங்கு. அதற்காகவே குளத்தின் நடுவில் இருந்த தட்டைக்கல்லை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

உண்மையில் அவர் கண்டது என்ன? வெகுகாலத்துக்கு முன் குளம் ஒருமுறை வற்றியபோது அவர் கொட்டைப்பாக்கு அளவுக் குஞ்சு. சேற்றுக்குள் புதைந்து கிடந்தார். வெடிப்பு வழியே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகு எப்படியோ தண்ணீர் வந்தது. வெளியே வந்தவரை, வேறிடம் போய்த் திரும்பியிருந்த தவளைகள் மொய்த்துக்கொண்டன.

"நீ இங்கேயேதானே கிடந்தே! என்ன பார்த்தே?"

"வெள்ளையா ஏதோ..."

"பறவையா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! அடுத்த வருஷம் பறவைக்குச் சிறகு முளைத்தது. அதற்கடுத்த வருஷம் அலகு வந்தது. சொல்லிச் சொல்லி அவர் மனசிலேயே அந்தப் பறவை பறக்க ஆரம்பித்துவிட்டது. பாவம், அவர் புரட்டுக்காரர் இல்லை. தட்டைக்கல்லின் சுகம் பழகிப்போனவர்.

அந்தக் கோடையில் குளம் மறுபடி வற்றியது.

ஒருநாள் விடியலில் பாசி என்ற தவளை வந்தாள். பின்னால் ஏழு குஞ்சுகள். அவற்றுக்கு வால் அப்போதுதான் மறைந்திருந்தது.

"வயலைத் தாண்டினா ஏரி. புல்லுல இன்னும் ஈரம் இருக்கு. இப்பவே கிளம்பினா என் பிள்ளைங்க பிழைச்சுக்கும். ரெண்டு நாள் போனா புல்லு காஞ்சிடும்" என்றாள்.

மத்தளத்துக்குத் தொண்டை உப்பியது. "வேதத்தை நம்பாம ஓடுறியா? கண்ணால பார்த்தவரே உட்கார்ந்திருக்காரு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"இவரைத் தவிர வேற யாரு பார்த்தாங்க?"

"ஆயிரம் தவளைங்க சொல்லுதே!"

"அந்த ஆயிரமும் இவர் சொல்லித்தானே கேட்டுச்சு, அண்ணே?"

பாசி ஆமையிடம் வந்தாள். "பெரியவரே, அந்தப் பறவை எந்தப் பக்கமா இறங்குச்சு?"

கல்லப்பர் யோசித்தார். எவ்வளவு துழாவியும் சேற்று இருட்டுத்தான் நினைவில் வந்தது. பிறகு பாட்டு வந்தது.

"கிழக்கால, தாயி! பாட்டுல அப்படித்தானே வருது!"

"பாட்டு நெசம்னு சொல்ல நீங்க சாட்சி. நீங்க பார்த்ததுக்குப் பாட்டு சாட்சியா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாசி குரலைத் தாழ்த்தினாள். "ஏழு உசுரு, பெரியவரே. நீங்க சொன்னா இருக்கேன். நெசமா கண்டீங்களா?"

'தெரியலை தாயி' என்ற சொல் தொண்டை வரை வந்தது. எல்லாத் தவளைகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வயிற்றுக்கடியில் தட்டைக்கல் இதமாகச் சுட்டது.

"கண்டேன்!" என்றார்.

பாசி பெருமூச்சு விட்டாள். குஞ்சுகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் தண்ணீர் ஆலிலை அகலத்துக்குச் சுருங்கியது. புல் காய்ந்து சருகாகியிருந்தது. அப்போது கிழக்கிலிருந்து ஒரு வெள்ளைப் பறவை இறங்கியது!

"வேதம் பலிச்சிடுச்சு!" என்று மத்தளம் கத்தினார். குளமே பாடியது. ஊற்றை முதலில் பார்க்கவேண்டும் என்று பாசியின் ஏழு குஞ்சுகளும் வேரடிக்கு முந்திக்கொண்டு ஓடின.

அது கொக்கு. அலகால் ஏழு முறை தட்டியது. ஊற்று வரவில்லை. மத்தளம் சேற்றுக்குள் பாய்ந்து ஒளிந்துகொண்டார். வயிறு நிறைந்ததும் கொக்கு பறந்து போய்விட்டது.

பாசி தட்டைக்கல்லின் அருகே வந்து நின்றாள். "நீங்க கண்டது இதைத்தானா, பெரியவரே?"

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கல்லப்பர் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு அழுதார்.

பத்து நாள் கழித்து, யாரும் கூப்பிடாமலே மழை பெய்தது. குளம் நிறைந்தது. மறுபடி பாட்டு. இப்போது அதில் புதிதாக ஓர் அடி சேர்ந்திருந்தது: வெள்ளைப் பறவை இறங்கி வந்து, ஏழு பிள்ளைகளை வானத்துக் குளத்துக்குத் தூக்கிப்போனது.

"கண்டீரா?" என்றார் மத்தளம்.

கல்லப்பர் கழுத்தை நீட்டினார். "கண்டேன். கொக்கு தின்னுச்சு. என் கண்ணு முன்னால ஒவ்வொண்ணா தின்னுச்சு. பழைய பறவையை நான் பார்க்கவே இல்லை. நான் சொன்னதெல்லாம் பொய்!"

தவளைகள் எல்லாம் மத்தளத்தைத் திரும்பிப் பார்த்தன.

"அடடா, பெரியவருக்குக் கண்ணு மங்கிடுச்சு!" என்றார் மத்தளம். எல்லாத் தவளைகளும் பரிதாபமாகத் தலையாட்டின. பாட்டு தொடர்ந்தது.

கல்லப்பர் தட்டைக்கல்லை விட்டு இறங்கினார். மெல்ல நீந்தி வேரடிக்குப் போனார். அங்கே பாசி தனியாக உட்கார்ந்திருந்தாள். தன் வாழ்நாளில் அவர் கண்ணால் கண்டு சொன்ன ஒரே சாட்சி, கொக்கு தின்றது என்பதுதான். அதை நம்பியவள் அவள் ஒருத்திதான்.

கண்டேன் என்று ஒருவர் சொல்வதால் மட்டும் வேதம் மெய்யாகிவிடாது; காணாததைக் கண்டேன் என்பவரின் சாட்சியோ, நம்பியவரின் உயிரையே வாங்கிவிடும்.