தெற்குப் பக்கத்துக் கோல் போஸ்ட்

கடலோரத்தில் கொம்பன்துறை என்று ஓர் ஊர். அந்த ஊர் கால்பந்துக் கழகத்தில் பதினொரு பேர். ஆண்டவர் அவர்களுக்கு நல்ல மனசை அள்ளி அள்ளிக் கொடுத்தார். புத்தியைக் கொடுக்கப் போகும்போது யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்துவிட்டார்.

கோல் காக்கிறவன் சூசையா. இருபத்திரண்டு வருசமாக மைதானத்தின் தெற்குப் போஸ்ட்டில்தான் அவனுக்குப் பயிற்சி. "இந்தத் திருவிழாவிலும் கோப்பை வராவிட்டால் மைதானத்தை மீன் வண்டி நிறுத்தக் குத்தகைக்கு விட்டுவிடுவோம்" என்று ஊர்க் கமிட்டி சொன்னதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வருசா வருசம் ஜெயிப்பது பெரியகடவு அணி. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணத்தில் கேரளத்து ஆட்டக்காரர்களை இறக்குவார்கள். இது நியாயமில்லை என்று போட்டியை நடத்துகிறவர்கள் புதுச் சட்டம் போட்டார்கள். ஒரு கழகம் தான் சம்பாதித்ததை மட்டுமே செலவு செய்யலாம், நன்கொடை கூடாது. பெரியகடவிடம் போன வருசம் ஜெயித்த பணம் இருந்தது. அதில் அஞ்சு கேரளக்காரர்கள் வந்தார்கள். தோற்ற கொம்பன்துறைக்கு வரவு என்று ஒன்றுமே இல்லை; ஒரு பந்துகூட வாங்க முடியாது. நியாயம் வந்துவிட்டது என்று எல்லாரும் கைதட்டினார்கள். கொம்பன்துறைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள்.

கழகச் செயலாளர் கிளீட்டஸ் கூட்டம் போட்டார்.

"அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏத்தலாமா?" என்றான் சூசையா.

"அஞ்சு ரூபா செலவு மக்கா."

"போன வருசம் பாதி எரிஞ்சது ஒண்ணு கெடக்கு."

"அப்ப மீதிப் பாதி இந்த வருசக் கணக்குல வரும். ஏத்தாமலே கும்பிடு. புனிதருக்குத் தெரியும்."

"பந்துக்கு என்ன செய்ய?"

எல்லாரும் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"எதையாவது வித்தா வரவுதானே?" என்றார் கிளீட்டஸ். "நம்மகிட்ட ரெண்டு போஸ்ட் இருக்கு. பந்து ஒண்ணுதானே? ஒரு பந்துக்கு எதுக்குலே ரெண்டு போஸ்ட்?"

சரிதானே என்று எல்லாரும் தலையாட்டினார்கள். பெரியகடவுச் செயலாளர் ரெஜினால்ட் சிரித்துக்கொண்டே வந்து, தெற்குப் போஸ்ட்டை விலைக்கு வாங்கி வண்டியில் ஏற்றிப் போனார். சூசையா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை ஒரு கை பிடித்துக் கொடுத்தான். அந்தக் காசில் பந்து வந்தது.

கொம்பன்துறை மைதானத்தில் பெரியகடவோடு இறுதி ஆட்டம். அன்று நடுவர் மைதானத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "தெற்குப் போஸ்ட் எங்கய்யா?"

"வித்தாச்சு. ரசீது இருக்கு" என்றார் கிளீட்டஸ்.

ரெஜினால்ட் ஓடிவந்தார். "ஓய் கிளீட்டஸ், நான் சும்மாவே தாறேன், நட்டுக்கிடும்!"

"சும்மா வாங்கினா நன்கொடை. சட்டத்துல இடமில்ல அண்ணாச்சி."

"அப்ப நானே நடுறேன்!"

"உங்க போஸ்ட்டு எங்க மண்ணுல நிக்கணும்னா தரை வாடகை குடுக்கணும்."

ரெஜினால்ட் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். கேரளக்காரர்களுக்கும் போஸ்ட்டுக்குமாகக் கடைசி ரூபாய்வரை செலவாகிவிட்டது. இனி ஒரு காசு போனாலும் சட்டப்படி அணி வெளியே.

வேறு வழியில்லாமல் நடுவர் விசிலை ஊதினார். முதல் பாதியில் பெரியகடவுக்காரர்கள் தெற்கே பந்தைக் கொண்டு போவார்கள். போய், எங்கே அடிப்பதென்று தெரியாமல் திரும்புவார்கள். காக்க ஒன்றுமில்லாத சூசையாவுக்குப் பொழுது போகவில்லை. ஒரு போஸ்ட்டையாவது கண்ணாரப் பார்ப்போம் என்று வடக்கே நடந்தான். யாரோ அடித்த பந்து அவன் மண்டையில் பட்டு உள்ளே போனது. கோல்!

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறியது. இப்போது வடக்குப் போஸ்ட்டைக் காக்க வேண்டியது கொம்பன்துறை.

"முன்னால போங்கலே!" என்று ஊரே கத்தியது.

"தெக்க போய் என்ன செய்ய? அங்கதான் போஸ்ட்டே இல்லியே" என்று பதினொரு பேரும் வடக்குப் போஸ்ட்டுக்குள் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். கேரளக்காரர்கள் எங்கே அடித்தாலும் யாராவது ஒருவரின் வயிற்றில் பட்டுத் திரும்பியது. ஒன்றுக்குச் சுழியம். கோப்பை வந்தது, மைதானம் தப்பியது. சூசையா மண்ணில் முழங்காலிட்டு அழுதான்.

மறுநாளே கூட்டம். தெற்குப் போஸ்ட்டைத் திரும்ப வாங்கியே ஆகவேண்டும். பரிசுப் பணத்தைத் தொடலாமென்றால் அது அடுத்த வருசக் கணக்கு. இந்த வருசத்துக்கு வரவு வேண்டும்.

கிளீட்டஸ்தான் வழி கண்டுபிடித்தார். மைதானத்தை மீன் வண்டி நிறுத்தக் குத்தகைக்கு விட்டார்கள். கை நிறைய முன்பணம் வந்தது. அதில் போஸ்ட்டை வாங்கி, மேளதாளத்தோடு சுமந்து வந்தார்கள்.

மைதானம் முழுக்க வண்டிகள். சூசையா ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போனான்: "அண்ணே, கொஞ்சம் தள்ளி நிறுத்துறீங்களா? இது நாங்க காப்பாத்தின மைதானம்."