வாயிற்படியில் இருந்த சுழியம்

முன்னொரு காலத்தில், ஓர் எண்ணின்மேல் மையல்கொண்டு உறக்கம் தொலைத்த சித்திரசேனன் என்னும் மன்னன் இருந்தான். அவ்வெண் 1,42,857. அதனை இரண்டால் பெருக்கினால் 2,85,714. மூன்றால் பெருக்கினால் 4,28,571. ஆறு வரையில் எதனால் பெருக்கினும் அதே ஆறு இலக்கங்கள், இடம் மட்டுமே மாறி வரும்.

"என் அமைச்சர்களும் அறுவரல்லவா!" என்று மகிழ்ந்த மன்னன், ஆளுக்கோர் இலக்கத்தைப் பொற்றகட்டில் பொறித்து மார்பில் அணிவித்தான். நாள்தோறும் அவன் பெருக்குவான். வருகின்ற விடையாகவே அவர்கள் வரிசையில் நிற்றல் வேண்டும் என்பது ஆணை.

எட்டைப் பெற்ற முதலமைச்சர் பரசுராயர் எல்லோரினும் பெரியவரானார். அவை விகடன் ஏகாம்பனுக்கோ, அவருடைய யோசனைப்படி, சுழியம் பொறித்த செப்புத்தகடு கிடைத்தது. இடம், வரிசைக்கு முன்னே, பாதரட்சைகள் கழற்றும் வாயிற்படி.

"பெறுமானத்திற்கேற்ற பீடம்!" என்றார் பரசுராயர். சபை சிரித்தது. பிறரைச் சிரிக்கவைத்தே பிழைத்தவன் அன்று தலைகுனிந்தான்.

தனக்கும் தகடு கிடைத்ததென்று மனைவி அலர்மேலிடம் சொன்னான். அதில் இருப்பது இன்னதென்று சொல்லவில்லை. மேலாடைக்கு அடியில் மறைத்தே அணிந்தான்.

ஒருநாள், ஒன்று என்னும் தகட்டை அணிந்த முதிய அமைச்சர் தம் சிறுமையை எண்ணிக் கண்கலங்கினார். "இவ்வெண்ணில் உயர்வு தாழ்வு நீங்காதோ?" என்றான் மன்னன்.

"ஏகாம்பன் நீக்குவான், மகாராஜா!" என்றார் பரசுராயர். "ஒருவரையும் கூட்டாமல், குறைக்காமல் அறுவரையும் சமமாக்கட்டும். தவறினால், தகடு வெளியே தெரியக் கடைவீதியைச் சுற்றி வரட்டும்."

மன்னன் உடன்பட்டான். அலர்மேல் காய்கறி வாங்கும் கடைவீதி!

ஏகாம்பன் மெல்லக் கேட்டான்: "மகாராஜா, ஏன் ஆறோடு நிறுத்திவிட்டீர்கள்?"

"அமைச்சர் அறுவர்தாமே!"

"பாதரட்சைகளுக்கு நடுவே ஒருவன் இருக்கிறான். வரிசையில் வேண்டாம், கணக்கிலாவது அவனையும் எண்ணி, ஏழால் ஒருமுறை பெருக்கியருளுங்கள்."

மன்னன் மணற்பலகையில் தொடங்கினான். "ஏழேழு நாற்பத்தொன்பது, ஒன்பது இட்டு மிச்சம் நான்கு. ஐயேழு முப்பத்தைந்து, நான்கும் சேர முப்பத்தொன்பது; மறுபடியும் ஒன்பதா!" விரல் ஓடியது. மணலில் 9,99,999 நின்றது.

"விடையாகவே நிற்றல் வேண்டும் என்பது தங்கள் ஆணை. தட்டாரை அழையுங்கள், மகாராஜா. ஆறு தகட்டிலும் ஒன்பது!"

"எட்டிலிருந்து ஏறியும் ஒன்றோடு சமமா!" என்று முனகினார் பரசுராயர். மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்தபடியே வாயிற்படியைப் பார்த்தவன், அங்கே மார்பைப் பொத்தியிருந்த கையைக் கண்டு சிரிப்பை நிறுத்தினான். நாணத்தால் அவன் குரல் தணிந்தது. "அந்தச் செம்பைக் கழற்றிவிடு. வேண்டுவதைக் கேள்."

"சுழியம் இருக்கட்டும், மகாராஜா. இடத்தை மட்டும் மாற்றுங்கள். முன்னே நின்றால் அது வெறுமை. கடைசியில் நின்றால் அனைவரையும் பத்து மடங்காக்கும்."

மன்னன் மறுபடியும் வாய்விட்டுச் சிரித்து, வரிசையின் கடைசியில் பட்டு விரித்த பீடம் அளித்தான்.

மாலையில் ஏகாம்பன் தகட்டை மனைவியின்முன் வைத்தான்.

"மேலாடைய வெளுக்கிறது நான்தானே?" என்றாள் அலர்மேல். "பச்சைக் களிம்புல வட்டம் அன்னைக்கே தெரிஞ்சுது. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

சபையில் நிமிர்ந்த தலை, வீட்டில் மறுபடியும் குனிந்தது.