ஏரி நடுவில் நிறைகுளத்தார்

நிறைகுளம் என்ற ஊரில் குளம் இருந்தது, நிறைந்துதான் பழக்கமில்லை. குடத்துக்கு மேல் தண்ணீரைப் பார்த்தறியாத அந்த ஊர்க்காரர்கள் நாலு பேர், மனைவிமாரோடு ராஜஸ்தானுக்குச் சுற்றுலா போனார்கள். மூத்தவர் வெயிலுமுத்து. ஒச்சப்பன், கொம்பையா, தவசி மூவரும் அவர் பேச்சைத் தட்டாதவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வது நால்வருக்கும் பொதுவான நல்ல குணம்.

பாலைவனத்து ஊரான ஜெய்சல்மேரில், ராஜா காலத்தில் குடிதண்ணீருக்காக வெட்டிய ஏரி ஒன்று இருக்கிறது. நடுத் தண்ணீரில் குடை விரித்த மாதிரி கல் மண்டபங்கள். பெண்கள் கோட்டை பார்க்கப் போய்விட, வழிகாட்டி முகுந்தன் ஆண்களை அங்கே கூட்டி வந்தார். சாயங்காலம் ரயில் ஏற வேண்டும். அதற்குள் சின்னதாக ஒரு படகுச் சவாரி, அவ்வளவுதான்.

துடுப்புப் போடத் தெரியுமா என்று முகுந்தன் கேட்டார். போகிற இடத்தில் தெரியாது, தெரியாது என்று சொல்லி மானத்தை வாங்கக் கூடாது என்று மனைவி பேச்சி கண்டித்து அனுப்பியிருந்ததால், வெயிலுமுத்து தெரியும் என்றார்.

நாலு மிதவைச் சட்டைகள் வந்தன. இதைப் போட்டால் மூழ்காது என்று சொல்லி முகுந்தன் டீ வாங்கப் போனார்.

நால்வரும் சட்டைகளைப் பார்த்தபடி யோசித்தார்கள்.

"அண்ணாச்சி, நாம எப்ப மூழ்குவோம்?" என்று கேட்டார் ஒச்சப்பன். தண்ணீர் என்றால் அவருக்கு நிஜமாகவே பயம்.

"படகு மூழ்கினா மூழ்குவோம்."

"படகு மூழ்காட்டி?"

"நாம எதுக்கு வே மூழ்குதோம்?"

இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. நாலு சட்டையையும் படகுக்கே போட்டு, வாரை இறுக்கிக் கட்டினார்கள். ஒச்சப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

படகுக்காரர் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார். காற்றும் சேர்ந்துகொள்ள, படகு நன்றாகவே போனது. நால்வரும் துடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். டீயோடு திரும்பிய முகுந்தன் பதறிப்போய், துடுப்பைப் போடுங்கள் என்று கத்தினார்.

"போடச் சொல்லுதாரு," என்றார் தவசி.

"போட்டா நனைஞ்சிரும்லா?"

"அவருக்குத் தெரியாததா?"

ஒவ்வொருவராகத் தண்ணீரில் போட்டார்கள். வேகமாகப் போடுங்கள் என்று முகுந்தன் மறுபடி கத்தியது கேட்டதால், கடைசித் துடுப்பை மட்டும் கொம்பையா எழுந்து நின்று வீசினார். அடுத்து, திரும்புங்கள் என்று குரல் வந்தது. நால்வரும் இருந்த இடத்திலேயே திரும்பிக் கரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். படகு அது பாட்டுக்குப் போய் ஒரு மண்டபத்தில் முட்டி நின்றது.

நால்வரும் படியில் ஏறிக்கொண்டார்கள். படகைக் கட்டிவைக்கும்படி யாரும் சொல்லவில்லை. காற்று மாறியதும் அது தானாகக் கிளம்பிவிட்டது. சட்டை போட்டிருக்கிறது, மூழ்காது என்று வெயிலுமுத்து மற்றவர்களைத் தேற்றினார்.

பெண்கள் கோட்டையிலிருந்து வந்த நேரமும் அந்தப் படகு கரை ஒதுங்கிய நேரமும் ஒன்றாக அமைந்தன. அதில் கட்டியபடி நாலு சட்டைகள்; உள்ளே ஆள் ஒருவருமில்லை. பேச்சி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலுமுத்துவுக்குப் போனைப் போட்டாள்.

"எங்க இருக்கீக?"

"ஏரிக்கு நடுவுல. படகு பத்திரமா வந்துட்டுதா?"

அதற்குப் பிறகு அவள் அழுதாளா, திட்டினாளா என்பது சரியாகத் தெரியவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன.

ஒதுங்கிய படகில் துடுப்பில்லை; மீட்க ஒரு சின்னப் படகுதான் கிடைத்தது. ஓட்டுகிறவரைத் தவிர இரண்டு பேர்தான் அதில் ஏறலாம். இரண்டிரண்டு பேராகத்தான் ஏற வேண்டும் என்று முகுந்தன் போனில் படித்துப் படித்துச் சொன்னார். முதலில் வெயிலுமுத்தும் ஒச்சப்பனும் வந்தார்கள். பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்ற இருவரையும் கூட்டிவரப் படகு திரும்பியதும், இவர்கள் இருவரும் அதில் ஏறிக்கொண்டார்கள். இரண்டிரண்டு பேராக ஏற வேண்டிய படகு வெறுமனே போகலாமா?

மண்டபத்தில் இவர்கள் இறங்க, கொம்பையாவும் தவசியும் ஏறி வந்தார்கள். கரையில் கால் வைத்தார்கள். படகு திரும்பியது. அவர்களும் ஏறிக்கொண்டார்கள்.

இப்படியே வெயில் சாய்ந்தது. பாதிப் புருஷன்மாரை வரவேற்று வரவேற்றுப் பெண்கள் களைத்துப்போனார்கள். கொம்பையாவும் தவசியும் மறுபடி கரைக்கு வந்தபோது, அவர்கள் மனைவிமார் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள். முகுந்தன் தானே படகில் போனார். மண்டபத்தில் இறங்கி, மிச்ச இருவரையும் தன் கையாலேயே படகில் உட்கார வைத்து அனுப்பினார். படகு அவர்களைக் கரை சேர்த்தது. ஓட்டியவர் படகைக் கட்டினார், துடுப்புகளைத் தோளில் போட்டார், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

நால்வரும் கரையில் நின்று டீ குடித்தார்கள். தூரத்து மண்டபத்தில் முகுந்தன் இரண்டு கையையும் ஆட்டி என்னவோ கத்திக்கொண்டிருந்தார். வெயிலுமுத்து கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வாயில் கையைக் குவித்துச் சத்தமாகச் சொன்னார்:

"சார், ரயிலுக்கு நேரமாச்சு. விளையாடினது போதும், வாங்க."