ஒரு நாழிகை பிடித்த மூச்சு

முன்னொரு காலத்தில், ஊழியர்கள் மூச்சு விடுவதற்கும் கட்டளை போட்ட ராஜா ஒருவர் இருந்தார்.

அவருக்கு ஓயாத தலைவலி. படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் எரிச்சல். ஒன்பது மாதம் கஷாயம் கொடுத்தும் அரண்மனை வைத்தியர் ஆபத்சகாய பண்டிதரால் ஒன்றும் ஆகவில்லை. விகடகவி தில்லைக்கூத்தன்தான் ராஜாவை முதுகு நிமிர்த்தி உட்கார வைத்து, மூக்கு வழியாக மூச்சை மெல்ல இழுக்கவும் அதைவிட மெல்ல விடவும் பழக்கினான். ஒரு மண்டலத்தில் தலைபாரம் இறங்கியது. ராஜா அயர்ந்து தூங்கினார்.

பண்டிதருக்கு வயிறு எரிந்தது.

"அரசே, இழுத்து விடுவது குழந்தை விளையாட்டு. மூச்சை உள்ளே அடக்க வேண்டும். அடக்க அடக்கப் பிராணவாயு மூளையில் பெருகும். நோயே அண்டாது" என்று ஓதினார்.

ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. அரண்மனை ஊழியர் அனைவரும் விடிந்ததும் முற்றத்தில் நின்று, பண்டிதர் கைதட்டும் வரை மூச்சை அடக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அவர் மட்டும் பழையபடி மெல்ல இழுத்து மெல்ல விட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், பல்லக்குத் தூக்கும் சடையன் நின்ற இடத்திலேயே சாய்ந்தான். கல்தரையில் மண்டை உடைந்தது. "பலவீனன். வேலையை விட்டு நீக்குங்கள்" என்றார் பண்டிதர். ராஜா தலையசைத்தார்.

சடையன் மனைவி பூவாயி விகடகவியின் வாசலுக்கு வந்து நின்றாள். "நீங்க சொல்லிக் குடுத்த மூச்சாமே சாமி? எம் புருசன் இன்னும் கண்ணத் தொறக்கல" என்றாள். அழக்கூட இல்லை.

தில்லைக்கூத்தனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தலைப்பாகைகூடக் கட்டாமல் அவைக்குப் போனான்.

"அரசே, ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்திருக்கிறீர்கள்!"

பண்டிதர் புன்னகையோடு குறுக்கிட்டார்.

"மூச்சுக்கு ஆசான் நீர்தானே? ஒரு நாழிகை மூச்சைப் பிடித்துக் காட்டும். காட்டினால் சடையனுக்கு வேலை உண்டு. இல்லையேல் அவனோடு நீரும் நாட்டை விட்டு வெளியேறும்."

"நல்ல போட்டி!" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

"எப்படிப் பிடிக்க வேண்டும் என்று விதி உண்டா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான் தில்லைக்கூத்தன்.

"பிடித்தால் போதும். துளியும் தப்பக்கூடாது" என்றார் பண்டிதர்.

அவன் தண்ணீர் சுமக்கும் தோல்பை ஒன்றைக் காலியாக வரவழைத்தான். அது உப்பும் வரை ஊதினான். வாயை முறுக்கி முஷ்டியில் இறுக்கிக்கொண்டு, பண்டிதரை முறைத்தபடி நின்றான். நாழிகை பார்க்கும் துளைக்கிண்ணம் நீரில் மூழ்கும் வரை கை தளரவில்லை.

"இதோ என் மூச்சு. ஒரு நாழிகையாகப் பிடித்திருக்கிறேன்."

"மோசடி! நெஞ்சுக்குள் அல்லவா பிடிக்க வேண்டும்!" என்று கத்தினார் பண்டிதர்.

"அப்படியா? அடக்கிய மூச்சு அமுதம் என்றீரே. இதுவும் அடக்கிய மூச்சுதான். வேறு காற்றுத் தொடாமல் இதை மட்டும் இழுத்து இழுத்து விடும். எவ்வளவு நேரம் தாங்குகிறீர் என்று அரசர் பார்க்கட்டும்."

ராஜா ஆவலோடு கையசைத்தார். பண்டிதர் வேறு வழியின்றிப் பையை வாயில் வைத்து மூக்கைப் பொத்தினார். பத்து மூச்சுக்குள் நெற்றி வியர்த்தது. இன்னும் சில மூச்சில் கண் செருகி, பையை வீசி எறிந்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"தலை சுற்றுகிறதா?" என்று கேட்டான் தில்லைக்கூத்தன். "சடையனுக்கும் இப்படித்தான் சுற்றியது. உள்ளே போன காற்றில் நல்லது தீர்ந்தால் கெட்டது வெளியே வந்தாக வேண்டும். மூளைக்குப் புதுக்காற்று வேண்டும் ஐயா! நிதானமாகப் போய் வந்தால்தான் மூச்சு மருந்து. உடம்பு கெஞ்சும்போது கழுத்தை நெரிப்பது யோகமா?"

பண்டிதர் வாய் பிளந்து காற்றை விழுங்கும் கோலத்தைப் பார்த்து ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அவையும் சிரித்தது. ஆணை ரத்தாயிற்று, சடையனுக்கு வேலை திரும்பியது, அவன் காயத்துக்குத் தினமும் பண்டிதரே நடந்துபோய்க் கட்டுப்போட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"ஏன் தில்லைக்கூத்தா, உமக்குச் சிரிப்பு வரவில்லையா?"

"அவன் முதலில் கண்ணைத் திறக்கட்டும் அரசே."

மாலையை வாங்கிக்கொண்டு, வணங்காமலே திரும்பி, பூவாயி வீட்டை நோக்கி நடந்தான்.